பிரியான் விதையைப் பெருக்கிக் கண்டறியும் ஆர்.டி.-குயிக் சோதனை: மாதிரி எடுப்பது முதல் அறிக்கை எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

சில வாரங்களுக்குள் நினைவு தடுமாறி, நடை தள்ளாடி, கை கால்கள் திடீர் திடீரெனத் துள்ளத் தொடங்கிய ஒருவருக்கு, வடிவம் பிறழ்ந்த பிரியான் புரதத்தால் வரும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோய் இருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் ஐயுற்றால், அந்த ஐயத்தை உயிரோடிருக்கும் நோயாளியிடமே உறுதிசெய்வது நெடுங்காலம் இயலாத செயலாக இருந்தது. மூளையில் துளையிட்டுத் திசு எடுக்க வேண்டும். அல்லது இறப்புக்குப் பின் உடற்கூறாய்வு செய்ய வேண்டும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் இந்நோய், பெரும்பாலானோரை ஓராண்டுக்குள் கொன்றுவிடுகிறது. ஆகவே தாமதமாக வரும் விடையால் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ பயன் ஏதுமில்லை. இந்த நிலையை மாற்றியது ஆர்.டி.-குயிக் (குலுக்கலால் தூண்டிய மாற்றத்தை நிகழ்நேரத்தில் காணுதல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எனப்படும் விதைப் பெருக்கச் சோதனை. முதுகுத் தண்டிலிருந்து எடுத்த சில துளி மூளைத்தண்டுவட நீரைக் கொண்டு, ஓரிரு நாட்களில் அது விடை தருகிறது. அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும், வந்த விடையை எப்படி வாசிப்பது என்பதை வரிசையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வகத்தில் பணிபுரிவோரையும், அறிக்கையைக் கையில் வாங்கும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

சோதனை எதைக் கேட்கிறது

நம் நரம்புச் செல்களின் மேற்பரப்பில் இயல்பாகவே பிரியான் புரதம் இருக்கிறது. அதன் மடிப்பு பிறழ்ந்து, பீட்டா தகடுகள் மிகுந்த வடிவத்துக்கு மாறிவிட்டால், அந்தப் பிறழ்ந்த மூலக்கூறு அருகிலுள்ள இயல்பான மூலக்கூறுகளையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்கிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்குவதைப் போன்றது இது. ஸ்டான்லி புருசினர் 1982-இல் இத்தகைய தொற்றுப் புரதத்துக்குப் ‘பிரியான்’ என்று பெயரிட்டார். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இழுக்கும் திறனையே சோதனைக் குழாய்க்குள் கொண்டுவந்தால் என்ன என்று கிளாடியோ சோட்டோவின் குழு எண்ணியது. 2001-இல் அவர்கள் வெளியிட்ட முறையில், மிகச் சிறிய அளவு பிறழ்ந்த புரதத்தை இயல்பான புரதத்தோடு கலந்து, மீயொலியால் அவ்வப்போது உடைத்துப் பெருக்கினார்கள். மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் அந்தப் பிறழ்ந்த புரதத்தையே விதை என்றும், அது பிறவற்றை மாற்றுவதை விதைப்பு என்றும் சொல்கிறோம். மீயொலிக்குப் பதில் குலுக்கலையும், மூளைச் சாற்றுக்குப் பதில் பாக்டீரியாவில் தயாரித்த தூய புரதத்தையும் பயன்படுத்தும் முறை அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள ராக்கி மவுன்டன் ஆய்வகத்தில் பைரன் காகியின் குழுவிலும், ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழகத்திலும் உருப்பெற்றது. 2011-இல் நாகசாகியைச் சேர்ந்த அதராஷியும் உடன் ஆய்வாளர்களும் இம்முறையால் நோயாளிகளின் தண்டுவட நீரிலேயே பிரியானைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் வழக்கமாகச் செய்யும் எலைசா போன்ற சோதனைகள் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கின்றன. 14-3-3 புரதச் சோதனையும் டௌ அளவீடும் அவ்வகையைச் சேர்ந்தவை. நரம்புச் செல்கள் வேகமாக அழியும்போது கசிந்து வெளிவரும் பொருள்களை அவை அளப்பதால், பக்கவாதத்திலும் மூளை அழற்சியிலும்கூட உயர்ந்து காணப்படலாம். ஆர்.டி.-குயிக் அளவைக் கேட்பதில்லை. இந்த மாதிரியில் இருப்பது பிறரை மாற்றும் ஆற்றல் உடையதா என்று கேட்கிறது. ஆகவே இதன் ‘ஆம்’ என்ற விடை நோயின் காரணத்தையே நேரடியாகத் தொடுகிறது. ஆனால் அந்த ஆற்றல் வெளிப்படுவதற்கு நாம் அமைத்துத் தரும் சூழல் சற்றுப் பிசகினாலும் விடை மாறிவிடும். பின்வரும் படிகள் எல்லாம் அந்தச் சூழலைக் காப்பதற்காகவே.

முதல் படி: மாதிரி எடுத்தல்

இச்சோதனையில் நேரும் தோல்விகளில் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வருமுன்பே, நோயாளியின் படுக்கையருகிலேயே நேர்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. முதுகுத் தண்டில் ஊசி நுழைக்கும்போது சிறு இரத்தக் குழாய் கிழிந்து இரத்தம் கலந்துவிட்டால், இரத்தத்திலுள்ள பொருள்கள் விதைப்பைத் தடுக்கின்றன. எனவே முதலில் வரும் ஏறக்குறைய 2 மி.லி. நீரை இச்சோதனைக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டு, அதன்பின் வரும் தெளிந்த நீரைச் சேகரிக்க வேண்டும். இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும் மாதிரியை ஏற்காமல் திருப்பி அனுப்புவதே நல்லது. வெள்ளணுக்களும் மொத்தப் புரதமும் மிகுந்திருக்கும் நீரிலும் இதே தடை ஏற்படலாம் என்பதால், அணு எண்ணிக்கையையும் புரத அளவையும் மாதிரியோடு சேர்த்து அனுப்பும்படி மருத்துவமனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீரைப் பாலிபுரொப்பிலின் குழாயில் சேகரிக்க வேண்டும். கண்ணாடிச் சுவரிலும் பாலிஸ்டைரின் சுவரிலும் இவ்வகைப் புரதங்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதே நீரில் அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு-பீட்டா புரதத்தையும் அளக்க விரும்பினால் இந்த விதி இன்னும் கண்டிப்பானது. சேகரித்ததைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து, உலர்பனியில் அனுப்ப வேண்டும். ஒரு பங்கை ஒருமுறை உருக்கினால் அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

மூக்கின் மேற்பகுதியில், மணமறியும் நரம்பு முடியும் இடத்திலிருந்து தூரிகையால் சுரண்டி எடுக்கும் செல்களையும் பயன்படுத்தலாம். 2014-இல் வெளிவந்த இத்தாலிய–அமெரிக்க ஆய்வில், இவ்வகை மாதிரி 31 நோயாளிகளில் 30 பேரிடம் விடை தந்தது. முதுகில் ஊசி குத்த இயலாதவர்களுக்கு இது மாற்று வழி. ஆனால் தூரிகை சரியான இடத்தைத் தொட்டதா என்பது அதை எடுப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது.

இரண்டாம் படி: பாதுகாப்பு ஏற்பாடு

தொற்றும் பிரியான் துகளுக்குள் மரபணுப் பொருள் இல்லை. எனவே கிருமிகளைக் கொல்லும் வழக்கமான முறைகள் அதனிடம் எடுபடுவதில்லை. ஃபார்மலின் அதைச் செயலிழக்கச் செய்யாமல் மேலும் கெட்டிப்படுத்தவே செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம், அல்லது 20,000 பி.பி.எம். குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். அல்லது 134 டிகிரியில் 18 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யலாம். சாதாரண 121 டிகிரி 15 நிமிடம் என்ற பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். ஃபார்மலினில் வைத்த மூளைத் துண்டுகளை அடர்ந்த ஃபார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே மெழுகில் பதிக்க வேண்டும்.

தண்டுவட நீர், மூளைத் திசுவை ஒப்பிடக் குறைந்த ஆபத்துடையதே. எனினும் நேர்க்கட்டுப்பாட்டுக்கு (கட்டாயம் ‘ஆம்’ என்று விடை தர வேண்டிய ஒப்பீட்டு மாதிரிக்கு) நாம் பயன்படுத்துவது நோயுற்ற மூளையின் சாறு என்பதால், உயிரியல் பாதுகாப்பு அறைக்குள், இரட்டைக் கையுறை அணிந்து, இதற்கென்றே ஒதுக்கிய பிப்பெட்டுகளைக் கொண்டு வேலை செய்ய வேண்டும். மேசையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறிஞ்சுதாளை விரித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதைக் கழிவோடு எறிந்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: சப்ஸ்ட்ரேட் புரதம்

மாற்றத்துக்கு உள்ளாக வேண்டிய இயல்பான புரதத்தை ஆய்வகத்தில் சப்ஸ்ட்ரேட் என்கிறோம். சோதனையின் உயிர்நாடி இதுதான். கருவியை எவரும் விலைக்கு வாங்கிவிடலாம். நல்ல சப்ஸ்ட்ரேட்டைத் தொடர்ந்து தயாரிக்கக் கற்றுக்கொள்ளாத ஆய்வகம் இச்சோதனையைத் தொடங்காதிருப்பதே மேல்.

இரண்டாம் தலைமுறைச் சோதனையில் பயன்படுவது சிரியன் ஹாம்ஸ்டரின் பிரியான் புரதம். அதிலும் முழு நீளமன்று, 90-ஆம் அமினோ அமிலம் முதல் 231-ஆவது வரையிலான பகுதி மட்டும். மனித நோயைக் கண்டறிய ஹாம்ஸ்டர் புரதம் எதற்கு என்ற வினா இயல்பாகவே எழும். குறுகிய இந்தப் பகுதி மனித விதைகளோடு வேகமாக இணைகிறது. முழு நீளப் புரதத்தைக் கொண்டு 90 மணி நேரம்வரை காத்திருந்த வேலையை இது வெகுவாகக் குறைத்துவிட்டது. 2015-இல் ஒர்ரூவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இந்தப் புரதத்தைக் கொண்டு 48 நோயாளிகளில் 46 பேரிடம் நேர்விடை கிடைத்தது. நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரிடமும் தவறான நேர்விடை வரவில்லை.

தயாரிப்பு இப்படி நடக்கிறது. எஷெரிக்கியா கோலை பாக்டீரியாவுக்குள் இப்புரதத்தின் மரபணுவைச் செலுத்தி வளர்த்தால், புரதம் கரையாத உருண்டைகளாகச் செல்லுக்குள் தங்கும். செல்களை உடைத்து, அந்த உருண்டைகளைக் கழுவி, 8 மோலார் குவானிடீன் ஹைட்ரோகுளோரைடில் கரைக்க வேண்டும். கரைந்து மடிப்பிழந்த புரதத்தை நிக்கல் பதித்த பிசினில் ஒட்டவைத்து, பிசின் மேல் ஓடும் கரைசலில் குவானிடீன் அளவைப் படிப்படியாக, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு சுழியம்வரை குறைக்க வேண்டும். புரதம் சரியான வடிவத்தில் மடிந்துகொள்ள இந்த மெதுவான குறைப்பே வழி. இங்கே அவசரப்பட்டால் தொகுதி முழுவதும் வீணாகும். பிறகு இமிடசோலால் புரதத்தைப் பிரித்தெடுத்து, 10 மில்லிமோலார், 5.8 பி.எச். உள்ள சோடியம் பாஸ்பேட் பஃபரில் டயாலிசிஸ் செய்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைக் கணக்கிட வேண்டும். சிறு பங்குகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். உருகிய பங்கை மீண்டும் உறையவைக்கக் கூடாது. இதற்கிடையே ஓர் எச்சரிக்கை: குவானிடீன் கலந்த கழிவில் ஹைப்போகுளோரைட்டை ஊற்றக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டுக்கும் தனித்தனிக் கழிவுக் கலன் வேண்டும்.

புதிய தொகுதி ஒவ்வொன்றையும் நோயாளி மாதிரியில் பயன்படுத்துமுன் சோதித்தாக வேண்டும். நோயில்லாத பலரின் தண்டுவட நீரை வைத்து ஓட்டினால், சோதனை நேரம் முழுவதும் ஒளிர்வைக் காட்டும் வரைபடக் கோடு தரையோடு கிடக்க வேண்டும். நோயுற்ற மூளைச் சாற்றைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து ஓட்டினால், முந்தைய நல்ல தொகுதி எந்த நீர்ப்பு வரை விடை தந்ததோ அதே அளவுக்கு இதுவும் தர வேண்டும். விதை ஏதும் இல்லாமலேயே தானாகக் கட்டிக்கொள்ளும் தொகுதியைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். ‘கொஞ்சம் முன்னதாக நேரத்தை நிறுத்திக்கொண்டால் போதும்’ என்று அதைக் காப்பாற்ற முயல்வது, பின்னொரு நாள் தவறான நேர்விடையாகத் திரும்பி வரும்.

நான்காம் படி: வினைக்கலவை

உறைந்த சப்ஸ்ட்ரேட்டை உருக்கியவுடன் அதில் சிறு கட்டிகள் இருக்கலாம். எனவே 100 கிலோடால்டன் வடிகட்டி பொருத்திய குழாயில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, கீழே இறங்கியதை மட்டும் எடுத்து, அதன் செறிவை மீண்டும் அளக்க வேண்டும்.

ஒவ்வொரு குழியிலும் இறுதியாக இருக்க வேண்டியவை: மி.லி.க்கு 0.1 மி.கி. சப்ஸ்ட்ரேட், 10 மில்லிமோலார் பாஸ்பேட், 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., 10 மைக்ரோமோலார் தயோஃப்ளேவின் டி, 0.002 சதவீத எஸ்.டி.எஸ். இவற்றுள் தயோஃப்ளேவின் டி என்பது சாயம். பீட்டா தகடுகள் அடுக்கிய இழைகளில் ஒட்டும்போது மட்டும் பளிச்சென ஒளிரும். நாம் கண்ணால் காணும் சான்று அதுவே.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 96 குழிகளுக்கு, சிந்துதலையும் கணக்கில் கொண்டு 100 குழிகளுக்கெனக் கலப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழியின் மொத்த அளவு 100 மைக்ரோலிட்டர். அதில் 80 கலவை, 20 நோயாளியின் நீர். ஆகவே 10 மி.லி. இறுதி அளவுக்கான பொருள்களை 8 மி.லி. கலவைக்குள் அடக்க வேண்டும். சப்ஸ்ட்ரேட் மி.லி.க்கு 0.4 மி.கி. செறிவில் இருந்தால் 2.5 மி.லி. தேவை. 2 மோலார் சோடியம் குளோரைடில் 1.5 மி.லி.; 100 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில், சப்ஸ்ட்ரேட்டோடு வரும் பாஸ்பேட்டைக் கழித்து, 0.75 மி.லி.; 100 மில்லிமோலார் இ.டி.டி.ஏ.வில் 100 மைக்ரோலிட்டர். 1 மில்லிமோலார் தயோஃப்ளேவினில் 100 மைக்ரோலிட்டர். 1 சதவீத எஸ்.டி.எஸ்.ஸில் 20 மைக்ரோலிட்டர். மீதி 3.03 மி.லி. தூய நீர். பஃபர், உப்பு, நீர் எல்லாவற்றையும் முதலில் கலந்துவிட்டு, சப்ஸ்ட்ரேட்டை இறுதியில் மெதுவாகச் சேர்க்க வேண்டும்; அடர்ந்த உப்புக் கரைசலை நேராகப் புரதத்தின் மேல் ஊற்றினால் அங்கேயே கட்டிதட்டிவிடும். சாயத்தை அன்றே தயாரித்து, வடிகட்டி, வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுழற்றிக் கலக்கும் கருவியை இக்கலவைக்குப் பயன்படுத்தக் கூடாது; நுரையும் புரதத்தைக் கட்டவைக்கும்.

ஐந்தாம் படி: தட்டை நிரப்புதல்

அடிப்பகுதி தெளிவாகவும் சுவர் கறுப்பாகவும் உள்ள 96 குழித் தட்டே இதற்கு ஏற்றது. கறுப்புச் சுவர் பக்கத்துக் குழியின் ஒளி கசிவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கு குழிகள். ஒரு தட்டில் 24 மாதிரிகளுக்கு இடமுண்டு என்றாலும், அதில் இரண்டை நேர்க்கட்டுப்பாட்டுக்கும் இரண்டை எதிர்க்கட்டுப்பாட்டுக்கும் (கட்டாயம் ‘இல்லை’ என்று விடை தர வேண்டிய, நோயில்லாத மாதிரிக்கும்) ஒதுக்கி, நோயாளிகள் இருபது பேரோடு நிறுத்திக்கொள்வது ஒழுங்கான முறை.

முதலில் எல்லாக் குழிகளிலும் 80 மைக்ரோலிட்டர் கலவையை ஊற்ற வேண்டும். பிறகு எதிர்க்கட்டுப்பாடு, அடுத்து நோயாளிகள், கடைசியில்தான் நேர்க்கட்டுப்பாடு என்ற வரிசையில் 20 மைக்ரோலிட்டர் மாதிரியைச் சேர்க்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த மூளைச் சாறுகூடக் கோட்டை ஏறவைத்துவிடும் சோதனையில், நேர்க்கட்டுப்பாட்டுக் குழாயை முதலில் திறப்பது ஆபத்தை வலிந்து வரவழைப்பதாகும். பிப்பெட்டின் கடைசித் துளியைக் காற்றோடு ஊதித் தள்ளாமல், முனை நீருக்குள் இருக்கும்போதே மெல்ல விட்டு எடுக்க வேண்டும். குழியின் அடியில் ஒரு குமிழி தங்கினாலும் கீழிருந்து வாசிக்கும் கருவிக்கு அந்தக் குழியின் அளவீடு தாறுமாறாகத் தெரியும்.

ஒட்டும் படலத்தால் தட்டை மூடும்போது நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். நான்கு மூலைகளையும் தனியாக மீண்டும் அழுத்த வேண்டும். 55 டிகிரி வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் குலுங்கப்போகும் தட்டு இது. மூலைக் குழி ஒன்றில் படலம் சற்றே பெயர்ந்திருந்தாலும் நீர் ஆவியாகி, உப்பும் புரதமும் செறிந்து, விதையில்லாமலேயே கோடு ஏறும். ஓரக் குழிகளில் மட்டும் வரும் நேர்விடைகளை ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

ஆறாம் படி: கருவியை ஓட்டுதல்

தட்டைக் குலுக்கவும், வெப்பத்தைக் காக்கவும், ஒளிர்வை அளக்கவும் ஒரே கருவியால் முடிய வேண்டும், பி.எம்.ஜி. நிறுவனத்தின் ஃபுளூவோஸ்டார் ஒமேகா பல ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுகிறது. வெப்பம் 55 டிகிரி. நிமிடத்துக்கு 700 சுற்று வேகத்தில், இரட்டைச் சுற்றுப் பாதையில் ஒரு நிமிடம் குலுக்கல், ஒரு நிமிடம் ஓய்வு என மாறி மாறி நடக்கும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை 450 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, 480 நானோமீட்டரில் வெளிவரும் ஒளிர்வை அளக்கும். குலுக்கல் இழைகளை உடைத்துப் புதிய முனைகளை உண்டாக்குகிறது. ஓய்வில் அந்த முனைகளில் புரதம் வந்து சேர்கிறது. ஆய்வகத்தின் நடைமுறைக்கேற்ப 24 முதல் 60 மணி நேரம் வரை ஓட்டலாம். ஆனால் எத்தனை மணி நேரத்தில் முடிவைக் கொள்வது என்பதை முன்கூட்டியே வகுத்து எழுதிவைத்திருக்க வேண்டும். கோட்டைப் பார்த்த பிறகு நேரத்தைத் தீர்மானிப்பது சோதனையன்று.

ஏழாம் படி: கோட்டை வாசித்தல்

நேரத்தைக் கிடைக்கோட்டிலும் ஒளிர்வைக் குத்துக்கோட்டிலும் வைத்து வரைந்தால், நேர்விடை தரும் குழியின் கோடு சில மணி நேரம் தரையோடு படுத்திருந்து, திடீரெனச் செங்குத்தாக எழுந்து, உச்சத்தில் தட்டையாகிறது. ஒமேகா கருவியில் அந்த உச்சம் 2,60,000 என்ற அளவில் முட்டி நின்றுவிடும். எழுவதற்கு முன்னுள்ள அமைதிக் காலத்தைத் தாமத நேரம் என்கிறோம். ஒளிர்வு எவ்வளவு உயர்ந்தால் நேர்விடை என்பதற்கு வரம்பு ஒன்று வேண்டும். அடிநிலை ஒளிர்வின் சராசரியோடு அதன் நியம விலக்கத்தின் குறிப்பிட்ட மடங்கைக் கூட்டியோ, தட்டில் கண்ட உச்ச அளவின் 10 சதவீதம் என்றோ ஆய்வகங்கள் அதை வகுக்கின்றன. நான்கு குழிகளில் இரண்டோ அதற்கு மேலோ வரம்பைக் கடந்தால் அந்த மாதிரி நேர்விடை. ஒன்று மட்டும் கடந்தால் அது விடையே அன்று. புதிய பங்கை உருக்கி மீண்டும் ஓட்ட வேண்டும்.

விதைகள் மிகக் குறைவாக உள்ள மாதிரியில், 20 மைக்ரோலிட்டரில் ஒரு விதை அகப்படுவதே தற்செயல். அதனால் ஒரு குழி பதினேழாம் மணியில் எழ, மற்றொன்று முப்பதாம் மணியில் எழ, மற்ற இரண்டும் கடைசிவரை படுத்தே கிடக்கலாம். இதைச் செய்முறைக் கோளாறு என்று கொள்ள வேண்டியதில்லை. இந்தத் தற்செயலைக் கொண்டே விதைகளின் எண்ணிக்கையையும் மதிப்பிடலாம்: மாதிரியைப் பத்து மடங்கு பத்து மடங்காக நீர்த்து, எந்த நீர்ப்பில் பாதிக் குழிகள் மட்டும் எழுகின்றன என்று பார்த்து, ஸ்பியர்மேன்–கார்பர் என்ற புள்ளியியல் முறையில் கணக்கிடலாம்.

ஆனால் நீர்க்காத ஒரே மாதிரியின் தாமத நேரத்தையோ உச்ச ஒளிர்வையோ வைத்து ‘நோய் முற்றியிருக்கிறது’, ‘நோய் தொடக்க நிலையில் இருக்கிறது’ என்று எழுதுவது தவறு. அந்த இரண்டு எண்களும் சப்ஸ்ட்ரேட் தொகுதி, நீரிலுள்ள உப்பு, புரதம், கருவியின் அமைப்பு ஆகிய பலவற்றால் மாறுபவை. அழகான கோட்டைக் கண்டதும் அதிலிருந்து கூடுதல் பொருள் பிழிந்தெடுக்க மனம் விழைவது இயல்புதான். ஆயினும் மருத்துவ அறிக்கைக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் இச்சோதனை இன்றளவும் உறுதியாகச் சொல்வதில்லை.

நான்கு குழிகளும் எழாத மாதிரியில், விதை இல்லையா அல்லது விதைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறதா என்ற கேள்வி எஞ்சும். அந்த நீரிலேயே சிறிதளவு நேர்க்கட்டுப்பாட்டைக் கலந்து தனியாக ஓட்டிப் பார்த்தால் இது தெளியும். கலந்த பிறகும் கோடு எழவில்லை என்றால் அந்த மாதிரியைச் ‘சோதிக்கத் தகாதது’ என்றே அறிவிக்க வேண்டும்.

சைனூக்ளினுக்கு என்ன மாற வேண்டும்

இதே கருத்தைப் பார்க்கின்சன் நோய்க்கும் லூயி உருண்டை மறதிநோய்க்கும் நீட்டலாம். அங்கே பிறழ்வது 140 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா-சைனூக்ளின். எடின்பரோவைச் சேர்ந்த குழு 2016-இல் தண்டுவட நீரில் இதைச் செய்துகாட்டியது. சைனூக்ளின் பிரியானைவிடச் சோம்பலானது. ஆகவே குழிக்குள் சிறு சிலிக்கா மணிகளைப் போட்டுக் குலுக்குகிறார்கள். ராக்கி மவுன்டன் ஆய்வகத்தின் 2018-ஆம் ஆண்டு முறையில், 23-ஆம் இடத்து லைசினை மாற்றிய சைனூக்ளின், 0.8 மி.மீ. மணிகள் ஆறு, 42 டிகிரி வெப்பம், நிமிடத்துக்கு 400 சுற்று ஆகியவை பயன்படுகின்றன. தானாகக் கட்டிக்கொள்ளும் தொல்லை இப்புரதத்தில் இன்னும் மிகுதி. அந்த ஒரு லைசின் மாற்றமே அதைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது.

2023-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 1,123 பேரின் நீர் சோதிக்கப்பட்டது. பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 சதவீதத்தினரிடம் நேர்விடை வந்தது, நலமானவர்களில் 96.3 சதவீதத்தினரிடம் எதிர்விடை வந்தது. ஆனால் எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணு மாற்றத்தால் நோயுற்றவர்களில் 67.5 சதவீதத்தினரிடம் மட்டுமே நேர்விடை கிடைத்தது. ஒரே பெயருடைய நோயில் எல்லோருக்கும் பிறழ்ந்த சைனூக்ளின் இருப்பதில்லை என்பதை இந்த எண் காட்டுகிறது. டௌ புரதத்துக்கும் இவ்வகைச் சோதனைகள் உருவாகியுள்ளன. அவை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. அல்சைமர் நோய்க்கு இப்போது மருத்துவமனைகளில் பரவிவரும் அமிலாய்டு விகிதமும் பாஸ்பேட் ஏறிய டௌ அளவும் விதைப்புச் சோதனைகள் அல்ல, அளவீடுகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அறிக்கை எழுதுதல்

2018 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறைப்படி, நரம்பு–மனநலக் குறிகளோடு ஆர்.டி.-குயிக் நேர்விடையும் இருந்தால் ‘சாத்தியமிகு’ குரோய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோய் என்று கொள்ளலாம். ‘உறுதியானது’ என்ற சொல்லுக்கு இன்றும் மூளைத் திசுவே தேவை. திசுவைப் புரோட்டினேஸ் கே நொதியால் செரிக்கவைத்து, வெஸ்டர்ன் பிளாட்டில் எஞ்சும் பட்டைகளின் அளவைக் கொண்டு வகை பிரிப்பதையும், பிரியான் புரதத்தை உருவாக்கும் நோயாளியின் மரபணுவின் 129-ஆம் இடத்தில் மெத்தியோனினா வாலினா என்று பார்ப்பதையும் ஆர்.டி.-குயிக்கால் ஈடுசெய்ய முடியாது.

நேர்விடையைவிட எதிர்விடையை எழுதுவதில்தான் கூடுதல் கவனம் தேவை. பரம்பரையாக வரும் உறக்கமின்மை நோயிலும், கெர்ஸ்ட்மன் பெயரால் வழங்கும் பரம்பரை நோயின் சில வகைகளிலும், மாட்டிறைச்சி வழி வந்த மாறுவகை நோயிலும் தண்டுவட நீரில் விதைப்பு பெரும்பாலும் எழுவதில்லை. எனவே ‘பிரியான் நோய் இல்லை’ என்று எழுதாமல், ‘இம்மாதிரியில் பிரியான் விதைப்பு காணப்படவில்லை’ என்று எழுத வேண்டும். மாதிரியின் நிறம், அணு எண்ணிக்கை, எத்தனை குழிகளில் எத்தனை எழுந்தன, எந்தச் சப்ஸ்ட்ரேட், எத்தனை மணி நேரம் என்பனவும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

வேகமாக மோசமாகும் மறதிநோய்களில் ஒரு பகுதி, உடலின் எதிர்ப்பொருள்கள் மூளையைத் தாக்குவதால் வருபவை. அவற்றுக்குச் சிகிச்சை உண்டு, தாமதித்தால் பயன் குறையும். ஆகவே ஆர்.டி.-குயிக் விடை வரும்வரை மருத்துவர் அந்தத் தேடலை நிறுத்திவைக்கக் கூடாது. ஆய்வகமும் மீதமுள்ள தண்டுவட நீரை எறிந்துவிடாமல், எதிர்ப்பொருள் சோதனைக்குக் கேட்டால் உடனே கொடுக்கும்படி ஒரு பங்கைத் தனியே பெயரிட்டு உறைகலனில் வைத்திருக்க வேண்டும்.